இரண்டு ஆள் தூக்கும் மூடி

எனக்குப் பகலில் தூங்கும் பழக்கம் கிடையாது, ஐயா. சாப்பிட்ட கையோடு ஒரு குட்டித் தூக்கம் போடாவிட்டால் அன்றைய நாளே வீண் என்று எங்கள் வளாகத்தில் பலர் சொல்வார்கள். எனக்கு ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால்தான் உடம்பு ஓயும். அப்படி உட்காருகிறவளுக்கு நாலு விஷயம் கண்ணில் படத்தானே செய்யும்? பட்டதை நாலு பேரிடம் சொல்லாமல் பூட்டி வைக்க நான் என்ன பீரோவா? முதுகுக்குப் பின்னால் என்னை ரேடியோ என்பார்கள். முகத்துக்கு முன்னால் அக்கா. இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு ரோஷம் கிடையாது.

ஆனால் ஒரு சொல்லுக்கு ரோஷம் வந்துவிட்டது. எதிர் அறைப் பெல்ட்டுக்காரரின் நஷ்டஈட்டு வழக்கில் வந்த உத்தரவை அவர் மனைவி என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். மூன்றாம் பக்கத்தில், ‘தற்செயலாக எடுக்கப்பட்ட புகைப்படத்தின் மூலம்’ என்று போட்டிருக்கிறீர்கள். தற்செயல். இரண்டு மாத உழைப்பை ஒரே சொல்லில் துடைத்துப் போட்டால் யாருக்குத்தான் வலிக்காது? அதைத் திருத்த வேண்டும் என்றுதான் நானாக வந்தேன். யாரும் கூட்டிவரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வளாகத்தில் பத்து அறைகள், எதிரும் புதிருமாக. நடுவில் முற்றம். முற்றத்தில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி. ஒருநாள் விட்டு ஒருநாள் பிற்பகலில் தெருக்குழாயில் தண்ணீர் வரும். வால்வுச் சாவி என்னிடம் இருக்கும். பகலில் விழித்திருக்கும் ஒரே ஆள் நான் என்று வீட்டுக்காரர் கொடுத்து வைத்தார். தொட்டிக்கு இரும்பு மூடி. ஒரு பக்கம் கீல், எதிர்ப் பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வளையம். ஆளுக்கொரு வளையமாக இரண்டு பேர் பிடித்தால்தான் எழும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் கீல் கோணிக்கொண்டு நடுவில் நின்றுவிடும். குடிவந்த முதல் நாளே எல்லோரும் கற்றுக்கொள்கிற விஷயம் இது. மாடியில் இருக்கும் அண்ணனும் தம்பியும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அவர்கள்கூட அந்த மூடியைத் தூக்கும் நேரத்துக்கு மட்டும் ராசியாகிவிடுவார்கள்.

பெல்ட்டுக்காரருக்கு அந்தப் பெயர் கல் உடைக்கும் ஆலையால் வந்தது. உடைந்த கல்லைச் சுமந்துபோகும் பெல்ட்டில்தான் அவருக்கு வேலை. பெல்ட்டுக்கு அடியில் ஓடும் உருளையில் ஈர மண் அப்பிக்கொள்ளும், நிறுத்திவிட்டுத்தான் சுரண்ட வேண்டும். நிறுத்தினால் மறுபடி ஓடவிட கால் மணி நேரம், அதற்கு மேஸ்திரியிடம் வாங்கும் வசவு அரை மணி நேரம். அதனால் ஓடும்போதே கம்பியால் சுரண்டுவார்கள். ஆபத்தென்றால் இழுத்து நிறுத்தப் பெல்ட் நெடுக ஒரு கயிறு உண்டு. போகிறவர் வருகிறவர் தோள் பட்டாலே பெல்ட் நிற்கிறது என்று அந்தக் கயிற்றை இழுக்க முடியாதபடி கம்பிபோட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். கட்டியது யார் என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும், எந்தக் காகிதத்துக்கும் தெரியாது. ஒருநாள் உருளை அவர் கையுறையைக் கவ்விக்கொண்டது. தோள்வரை இழுத்தபிறகுதான் யாரோ ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார்கள்.

கை போயிருந்தால் வழக்கு ஒரே வாய்தாவில் முடிந்திருக்கும். இல்லாத கையோடு எந்த வக்கீலும் வாதாட முடியாது. இவருக்குக் கை இருந்தது. பார்க்க முழுசாக, விரல் ஐந்தும் சரியாக இருந்தது. உள்ளே தோள் நரம்பு பாதி அறுந்து, பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் செய்தால் கை திரும்பும், அதுவரை அந்தக் கையால் ஒரு செம்புகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு நஷ்டஈடு வர வேண்டும். நஷ்டஈடு வர, கை தூக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டும். தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஆலைத் தரப்பு முதலில் சொல்லிப் பார்த்தது, அது எடுபடவில்லை. மிச்சம் இருந்த கேள்வி இது ஒன்றுதான்.

அவர் மனைவி தையல் கம்பெனிக்குப் போகிறவள். காலை எட்டுக்குப் போனால் ஆறுக்கு வருவாள். ஒரே பெண், ஐந்து வயது. எல்லோருக்கும் அவள் பொடிசு. விபத்துக்கு முன்னால் பன்னிரண்டரைக்குப் பள்ளி விட்டதும் நான்தான் போய்க் கூட்டிவருவேன். மாலைவரை என் அறையில்தான் இருப்பாள். என் தலைமுடியைப் பின்னி, அவிழ்த்து, பின்னி, ஒரு வழி பண்ணிவிடுவாள். விபத்துக்குப் பிறகு அப்பா வீட்டில் இருந்தார், அவரே போய்க் கூட்டிவந்தார். நல்லதுதான். அப்பா வீட்டில் இருந்தால் குழந்தை அப்பாவோடுதானே இருக்கும்? எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் தெரிவார்கள்.

ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது தையல்காரி சொன்னாள்:

“அக்கா, கேஸ் மட்டும் முடியட்டும். ஆபரேஷன முடிச்சுட்டு எங்க அண்ணன் இருக்கிற பக்கமே போயிடுவோம். அங்க வீட்டுக்குள்ளயே குழாய். உங்ககிட்ட வந்து, அக்கா வால்வு, அக்கா வால்வுன்னு கெஞ்ச வேண்டாம்.”

“பொடிசு?”

“பின்ன, அவள உங்களுக்கு எழுதி வெச்சுட்டா போவோம்?”

சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல பெண், வாய் கொஞ்சம் நீளம்.

அதற்கு அடுத்த வாரம்தான் கண்ணாடிக்காரர் வந்தார். ஆலைக்குக் காப்பீடு கொடுத்திருக்கும் கம்பெனியின் ஆள். தெருவுக்கு எதிரே, எங்கள் முற்றம் தெரியும் பஞ்சர் கடை மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். புதுக் குடித்தனக்காரருக்குப் பாயும் இல்லை பானையும் இல்லை, ஜன்னலில் ஒரு கேமரா மட்டும் இருக்கிறது என்றால் எனக்குப் புரியாதா? நானே போய்ப் பேசினேன். எனக்கு அவர் ஒன்றும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மனிதர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சொல்வதையெல்லாம் எழுதினார். என் வாழ்நாளில் அப்படி யாரும் கேட்டதில்லை.

“வீட்டு வேலை ஏதாவது செய்றாராம்மா?”

“செய்வாரே. பொண்டாட்டி வர்றதுக்குள்ள இடது கையால காய் நறுக்கி வெப்பாரு. ஒண்ணு யானைக்காலு, ஒண்ணு எலிவாலு.”

“வலது கை?”

“அது சும்மா கூட இருக்கும், கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.”

சிரித்தார், ஆனால் எழுதவில்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை, ஐயா. முடியாததை முடிகிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. மூன்று வாரம் போனதும் அவருக்கே அலுத்துவிட்டது.

“மனுஷன் அந்தக் கையால ஒரு டம்ளரக் கூடத் தொடலையேம்மா. எங்க ஆபீசுல என்னைய கழுவி ஊத்துறாங்க.”

“தூக்க முடியாதவரு எப்படி சார் தூக்குவாரு?”

“முடியுமா முடியாதான்னு முடிவு பண்ணத்தான் என்னை இங்க உட்கார வெச்சிருக்காங்க.”

பேச்சுவாக்கில் தொட்டி மூடியைப் பற்றிச் சொன்னேன், அண்ணன் தம்பிக் கதையோடு சேர்த்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தனியா ஒரு ஆள் அதைத் தூக்கினா?”

“யாரும் தூக்க மாட்டாங்க சார்.”

“இல்ல, தூக்கினா?”

அவ்வளவுதான் அவர் கேட்டது. எதையும் செய்யச் சொல்லவில்லை. அவர்மேல் ஒரு குற்றமும் எழுதிவிடாதீர்கள். யோசனை எல்லாம் என்னுடையது. அவருக்கு அவ்வளவு மூளையும் கிடையாது.

பிறகு நடந்ததாக வளாகத்தில் எல்லோரும் சொல்வதை நீங்கள் படித்திருப்பீர்கள். அன்று தொட்டி கழுவும் நாள். காலையில் அண்ணனும் தம்பியும் மூடியைத் திறந்து, கழுவி, காயட்டும் என்று ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். பிற்பகலில் பெல்ட்டுக்காரர் மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தார். பொடிசு விளையாட்டுப் போக்கில் தொட்டிக்குள் இறங்கிவிட்டாள், கட்டை சரிந்து மூடி விழுந்துவிட்டது, தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. குழந்தையின் சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்து, இரண்டு கையாலும் மூடியைத் தூக்கினார். நான் உள்ளே கையை விட்டுக் குழந்தையை இழுத்துப் போட்டேன். தையல்காரி அன்று சாயங்காலம் என் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. இரண்டு பேர் பிடித்துத்தான் பிரித்தார்கள்.

வாய்தா அன்று நானும் சாட்சியாகப் போனேன். என்னைக் கூப்பிட்டதே தையல்காரிதான். ஆலைத் தரப்பு வக்கீல் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. படத்தைப் பெல்ட்டுக்காரரிடம் நீட்டினார்.

“இது நீங்கதானே?”

“ஆமா சார்.”

“எத்தனை கை வளையத்துல இருக்கு?”

“ரெண்டு. ஆனா சார், உள்ள என் பொண்ணு இருந்தா.”

“வருத்தமான விஷயந்தான். நான் கேட்கிறது, தூக்கினீங்களா இல்லையா?”

பெல்ட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“தூக்கினேன்.”

“வழக்கமா ரெண்டு பேர் தூக்குற மூடி.”

“ஆமா சார்.”

அடுத்து என்னிடம், “ரெண்டு கையும் வளையத்துல இருந்துச்சாம்மா?” என்றார். இருந்தது என்றேன். நன்றி சொல்லி உட்காரச் சொன்னார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவள் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அன்று ஒருநாள் அடக்கமாக இருந்தேன்.

தோள் நரம்பு இப்போது முழுசாக அறுந்துவிட்டது என்று டாக்டர் சீட்டைக் காட்டினார்கள். அதற்கும் வக்கீலிடம் பதில் இருந்தது. தூக்கினார் என்றால் அதுவரை கை நன்றாகத்தான் இருந்திருக்கிறது. தூக்கியதால் அறுந்தது என்றால் அது வீட்டுத் தொட்டி மூடி செய்த வேலை, ஆலையின் பெல்ட் செய்ததல்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கேட்க எனக்கே அழகாக இருந்தது.

அதில் தற்செயல் எங்கே இருக்கிறது என்று இப்போது பாருங்கள்.

அன்று காலையிலேயே பஞ்சர் கடை மாடிக்குப் போய், “மூணரை மணிக்கு ஜன்னல விட்டு நகராதீங்க, டீ குடிக்கப் போயிடாதீங்க” என்று சொன்னேன். மற்ற அறைக்காரர்கள் வேலையில் இருக்கும் நேரம் அது. பெல்ட்டுக்காரர் மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று மணிக்குப் பொடிசைக் கூப்பிட்டேன்.

“பொடிசு, ஒளிஞ்சு விளையாடலாமா? அப்பா எந்திரிச்சு உன்னைக் கண்டுபிடிக்கணும்.”

“எங்க ஒளியணும் பெரியம்மா?”

“யாருமே தேடாத இடம்.”

தொட்டிக்குள் இரும்புப் படிகள் உண்டு. அவளே இறங்கினாள். கீழே கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள், நனையக் கூடாதாம்.

“இருட்டா இருக்கும், பயப்படக் கூடாது. தண்ணி முட்டி வரைக்கும் வந்ததும் அப்பானு கூப்பிடு. அதுக்கு முன்னாடி கூப்பிட்டா நீ அவுட்டு.”

“சரி பெரியம்மா.”

மூடி விழும் சத்தம் கேட்காமலிருக்க விளிம்பில் ஒரு கோணிப்பையை மடித்துப் போட்டேன். திறக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும். மூட, கட்டையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். பையை உருவிக்கொண்டேன். பிறகு தண்ணீருக்குக் காத்திருந்து வால்வைத் திறந்தேன். தண்ணீர் இல்லாமல் சரிப்பட்டு வராது, ஐயா. வெறும் தொட்டியில் குழந்தை மாட்டிக்கொண்டால் அவர் தெருவில் போய் ஆள் கூட்டி வருவார், இரண்டு பேர் தூக்குவார்கள், படத்துக்கு வேலையே இருக்காது. ஆள் தேட நேரம் இருக்கக் கூடாது. அதைத்தான் நான் கணக்காகச் செய்தேன்.

பொடிசு சொன்னபடியே இருந்தாள். முட்டிக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் கூப்பிட்டாள். அவர் எழுந்துவர நேரமானது. நான் கதவைத் தட்டினேன். “ஐயோ, குழந்தை தொட்டிக்குள்ள” என்று சொல்லிவிட்டு, ஆளைக் கூட்டிவருகிறேன் என்று வாசல்வரை போய் நின்றுகொண்டேன். எனக்கு மூட்டுவலி, மூடி தூக்க வர மாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதலில் இடது கையால் மட்டும் இழுத்தார். கோணிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே சத்தம் மாறிவிட்டது. பிறகு அவர் ஒன்று செய்தார். தன் வலது கையை இடது கையால் எடுத்தார், கீழே கிடக்கும் ஒரு சாமானை எடுப்பதுபோல. அதன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கொக்கியை மாட்டுவதுபோல வளையத்தில் மாட்டினார். இடது கையால் மற்ற வளையத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தார். மூடி எழுந்தது. அப்போது துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அந்த வினாடியில்தான் கண்ணாடிக்காரர் பஞ்சர் கடை மாடியிலிருந்து படம் எடுத்திருக்கிறார். மூடிக்கு அடியில் முதுகைக் கொடுத்துக்கொண்டு, “அக்கா, எடுங்க, அக்கா” என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். நான் வந்து எடுத்தேன். தண்ணீர் மோவாய்வரை வந்திருந்தது. அவர் எழுந்துவர நேரமாகும் என்பதை மட்டும் நான் சரியாக மட்டுக்கட்டவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாமே நான் செய்தது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, எதிர் அறைப் பெண் ஏற்பாடு செய்தது என்று போடுங்கள். அது போதும்.

இனி அவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். என்ன ஆக இருக்கிறது? ஆபரேஷனுக்கு இனி வேலையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏமாற்றினார் என்று ஆலையில் பெயரை நீக்கிவிட்டார்கள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடு என்றால் சாப்பிடுவார். அண்ணன் இருக்கிற பக்கம் போவது பற்றித் தையல்காரி பேசுவதேயில்லை. எதை வைத்துக்கொண்டு போவாள்? அவள் இப்போது இரண்டு ஷிப்டு பார்க்கிறாள். குழந்தையை அவரிடம் விட்டுப்போகவும் அவளுக்கு மனமில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதானே தொட்டியில் விழுந்தாள்? நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே என் கதவைத் தட்டி, “அக்கா, உங்கள விட்டா எனக்கு யாரிருக்கா?” என்றாள்.

பொடிசு வாயைத் திறந்துவிடுவாளோ என்று நீங்கள் நினைக்கலாம். மாட்டாள். முதல் வாரமே உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்: “நீ ஒளிஞ்சதாலதான் அப்பாவுக்குக் கை போச்சு. அது யாருக்கும் தெரிய வேண்டாம், பெரியம்மா சொல்ல மாட்டேன்.” தலையாட்டினாள். அதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. தலை பின்ன வருவதில்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் தெருவைக் கடக்கும்போது என் கையைத் தவிர வேறு யார் கையையும் பிடிக்க மாட்டாள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், ஐயா? கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொடுத்தால் நல்லது. பன்னிரண்டரைக்குப் பள்ளி விட்டுவிடும். குழந்தை வாசலில் தனியாக நிற்பாள், இந்தக் காலத்தில் யாரை நம்பி விட முடிகிறது?